பட்டாயாவுக்கு ஒரு பிராது

…அதாம்மா, பட்டாயான்னு யாரு வாயத் தொறந்தாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. தெரியாமக் கேட்டுட்ட. சரி, வந்தவள வாசப்படியிலயே நிக்க வெச்சிப் பேசுறனே, உள்ள வா வெண்பா. அந்த நாக்காலிய இழுத்துப் போட்டுக்க. பாத்து, பாத்து! அந்தாண்ட பொம்ம காயுது. பெயிண்ட்டு ஈரம். முட்டியால ஒரு இடி இடிச்சின்னா பன்னண்டு புள்ளையாருக்கும் தும்பிக்க போயிடும்.

எதுத்த வூட்டுக்குக் குடி வந்து பதினஞ்சி நாளாவுது. இன்னிக்கித்தான் எங்க வூட்டுப் படி ஏறியிருக்க. ஒம் புருசன் கோகுலு போவாதன்னு சொல்லியிருப்பான். சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும்! வேப்பூரு பெயிண்ட்டுக் கட தேவநாதன் மருமவ, இந்த ஆண்டாளு வூட்டுக்குப் போறதா? ஊரே பேசுமே. ஒங் கல்யாணத்துக்கு நானும் எங்க வூட்டுக்காரரும் வரல பாரு. விருத்தாசலத்துல பாதி சனம் அங்க பந்தியில ஒக்காந்து பாயசம் குடிக்கிது, நாங்க ரெண்டு பேரும் இங்க ரசஞ்சோறு. இருவது வருசப் பழக்கம். எல்லாம் அந்தப் பட்டாயாவால வந்தது.

ஒங்க மாமனாரு கெட்டவருன்னு நான் சொல்லல… ஆனா எந் தாலிச் செயினு காணாமப் போச்சா இல்லியா? போச்சி. கடசியா அங்க ஓட்டலுல எங்க ரூமுக்கு வந்துட்டுப் போனது யாரு? அவுரு. அப்புறம் நான் என்னா நெனைக்கிறது… இரு, இரு, ஏன் எழுந்திரிக்கிற? ஒக்காரு. நீ கேட்டதுக்கு நான் இன்னும் ஒன்னுமே சொல்லலியே! அடுத்த வாரம் ஏரோப்ளேன் ஏறப்போற புள்ள, வெறுங்கையோட அனுப்புவனா?

விசா இப்ப வேணாங்கறாங்க. ஆனா நீ போறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்துக்க, அவுனுங்க நெனச்சா மாத்துவானுங்க. போன்லயே ஒரு பாரம் ரொப்பணும், எறங்குறதுக்கு முன்ன மூணு நாளைக்குள்ள. கோகுலுகிட்ட வுட்டுடாத, நீயே ரொப்பு. ஆம்பளைங்க பாரம் ரொப்புனா அப்பா பேரு எடத்துல ஊரு பேர எழுதிட்டு வருவானுங்க. காச அங்க ஏர்ப்போட்டுல மாத்தாத, ஊருக்குள்ள மாத்து. கொழாத்தண்ணி குடிக்காத. அங்க மணி நமக்கு ஒன்னர மணி நேரம் முன்னாடி ஓடும். இங்க நீ டீ போடறப்ப அங்க டிபனே முடிஞ்சிடும். எங்க அவுரு அஞ்சி நாளும் வாட்ச்ச மாத்தவே மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேட்டா, “நம்ம டயத்த நாம ஏன் வுட்டுக் குடுக்கணும்”. பஸ்ஸு மூணு தபா வுட்டுட்டுப் போவப் பாத்துச்சி.

ஊறுகாய மட்டும் கைப்பையில வெச்சிடாத தாயி! என்னோடத மெட்ராஸு ஏர்ப்போட்டுலயே புடிச்சிக்கிட்டான். நம்மூரு பீங்கான் ஜாடி, மூணு கிலோ நார்த்தங்கா. “இது தண்ணி மாதிரி இருக்குது, வுட மாட்டேன்”னான். நார்த்தங்கா எப்பிடிடா தண்ணியாவும்? நல்லவேளயா மாங்கா ஊறுகா பெரிய பொட்டியில போயிருந்துச்சி. அதுதான் முப்பத்திநாலு ஆம்பளைங்க உசுரக் காப்பாத்துனது.

ஆமாம்மா. முப்பத்திநாலு ஆம்பள, நான் ஒருத்தி.

கத தெரியாதா ஒனக்கு? எங்க கடைக்கும் ஒங்க மாமனாரு கடைக்கும் வருசா வருசம் பெயிண்ட்டுக் கம்பெனிக்காரன் டார்கெட்டு குடுப்பான். அம்மாம் டப்பா வித்து முடிச்சா கடக்காரனுக்கு பட்டாயா, கடக்காரன் பொண்டாட்டிக்கு குத்துவெளக்கு. எங்க வூட்டுல மூணு வெளக்கு கெடக்குது. இந்தத் தபா நான் ஒரே பிடியா நின்னுட்டேன். “வெளக்க நீங்க வெச்சிக்கிட்டு பூச பண்ணுங்க, டிக்கெட்ட எனக்குப் போடுங்க.” கம்பெனி ஆபீசருக்கு மொகம் செத்துப் போச்சி. “மேடம், அது பிசினஸ் மீட்டிங்கு”ன்னாரு. கடக்கரையில டவுசரு போட்டுக்கிட்டு என்னா மீட்டிங்குடா? நானும் மீட்டிங்கப் பாக்குறன்னு கெளம்பிட்டேன்.

நான் பஸ்ஸுல ஏறுனதுமே அத்தினி பேரு மொகத்துலயும் எழவு. ஒங்க மாமனாரு மட்டும் சிரிச்சாரு, அதச் சொல்லத்தான் வேணும். “வா ஆண்டாளு, ஒரு பொம்பள வந்தாத்தான் சோத்துக்கு வழி பொறக்கும்”னாரு. வாய் முகூர்த்தம். அங்க எதத் தொட்டாலும் மீன் தண்ணி. எறாலுப் பொடி தூவாம அவுங்களுக்கு மோரு கூட எறங்காது போல. சைவம் வேணும்னா மஞ்சக் கொடியில செவப்பா ஒரு எழுத்து போட்டிருப்பான், அந்தக் கடையாப் பாத்து நொழை. ரெண்டாம் நாளு எங்க ரூமு வாசல்ல தட்டோட லைனு நிக்குது. அரிசி கொண்டு போயிருந்தன்ல, ஓட்டலு கெட்டிலுல போட்டு வடிச்சேன். அதுல சோறு வடிக்காத, வடிச்சா அடிப் பிடிக்கும், ஓட்டல்காரன் அவுனுங்க பாசையில திட்டுவான். புரியாது, ஆனா திட்டுறான்னு தெரியும்.

ராத்திரி ஆனதும் ஒவ்வொருத்தனா நழுவுறானுங்க. எங்கன்னு கேட்டா “வாக்கிங் ஸ்ட்ரீட்டு”. எனக்கும் சுகரு இருக்குது, டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு, நானும் வரேன்னு செருப்ப மாட்டிக்கிட்டேன். அய்யோ, அந்த மொகங்கள நீ பாத்திருக்கணும்! போயிப் பாத்தா கலரு கலரா வெளக்கு, காது கிழியிற பாட்டு, அர டவுசரு பொண்ணுங்க கையப் புடிச்சி இழுக்குதுங்க. ஒங்க மாமனாரு ஒரு எளநியக் கையில வெச்சிக்கிட்டு ஓரமா நிக்கிறாரு. குடிக்கவும் இல்ல, கொள்ளவும் இல்ல, எளநிதான். ஆனா நான் என்னா பண்ணுனன்? போன எடுத்து ஒங்க மாமியா பாரதிக்கு வீடியோ கால் போட்டன். “பாரு பாரதி, ஒங்க வூட்டுக்காரரு மீட்டிங்குல இருக்காரு”ன்னு சுத்திக் காட்டிட்டேன். வெளாட்டுக்குத்தான். அவ அத வெளாட்டா எடுத்துக்கல. அன்னியிலேர்ந்து ஒங்க மாமனாரு எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல.

அதான் சொல்றன், அவுருக்கு எம்மேல கோவம் இருந்துச்சா? இருந்துச்சி. அத மனசுல வெச்சிக்க.

நாலாம் நாளு தீவுக்குக் கூப்புட்டுப் போனாங்க. வேகமாப் போற சின்னப் படகுல ஏறாத, எலும்பெல்லாம் எடம் மாறிடும். படகுத் தொறையில பெரிய படகு நிக்கும், மொள்ளப் போவும், காசும் கொறச்ச. தண்ணியில ஓட்டுற ஸ்கூட்டரத் தொடாத. திருப்பி வுடறப்ப இங்க கீறல், அங்க கீறல்னு புடிச்சிக்குவானுங்க, ஏறுறதுக்கு முன்னாடியே சுத்தி போட்டோ எடுத்து வெச்சிக்க. செவப்புக் கொடி கட்டியிருந்தா கடல்ல எறங்காத. அப்புறம் வாந்தி மாத்திர… இத எழுதியே வெச்சிக்க: ஒன்னுதான் போடணும். நான் ரெண்டு போட்டன். ரெண்டு நாளைக்கி தூங்குறனா முழிச்சிருக்கனான்னே தெரியல. எவனோ ஒருத்தன் எங் கழுத்துல பச்சக் கிளிய ஒக்கார வெச்சி போட்டோ எடுத்திருக்கான், எனக்கு நெனப்பே இல்ல.

கடல்ல எறங்கணும்னா தங்கத்தக் கழட்டிடுன்னு எல்லாருமே சொன்னாங்க. சரின்னு தாலிச் செயினக் கழட்டி வெச்சிட்டு, மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கக் கட்டி மாட்டிக்கிட்டேன். செயின ரூமு லாக்கர்ல வெச்சேன், நம்பரு அழுத்திப் பூட்டற லாக்கரு. மறாநாளு போறோம். பொட்டி கட்டுற நேரம் ஒங்க மாமனாரு வந்து “கொஞ்சம் ஊறுகா இருக்குமா”ன்னு நின்னாரு. கோவம் வேற, ஊறுகா வேற பாரு! குடுத்தேன். பஸ்ஸு ஏறுனோம். ஒரு மணி நேரம் போயி, கழுத்தத் தடவுறன்… கெழங்குதான் இருக்குது. ஓட்டலுக்குப் போன் போட்டா லாக்கரு காலின்னுட்டான்.

அப்பதாம்மா… நீ கேட்டிருப்ப. கோகுலு சொல்லியிருப்பான். அந்த பஸ்ஸுல, அத்தினி பேரு நடுவுல, நான் எழுந்து நின்னு, “தேவநாதண்ணே, பையத் தொறந்து காட்டுங்க”ன்னுட்டேன்.

அவுரு பையத் தூக்கி மடியில வெச்சாரு. தொறந்து, ஒன்னொன்னா எடுத்து சீட்டு மேல வெச்சாரு. ரெண்டு சட்ட, மூணு தைல டப்பா, நான் குடுத்த ஊறுகா, ஒங்க மாமியாவுக்கு வாங்குன பூப்போட்ட நைட்டி. நைட்டியப் பாத்துட்டு பின்னாடி சீட்டுல எவனோ சிரிச்சிட்டான். அவுரு அத மறுபடியும் மடிச்சாரு பாரு, கட்டம் கட்டமா…

வுடு. செயினு அதுல இல்ல. இல்லன்னா? வேற எங்கியாச்சும் வெச்சிருப்பாருன்னு எம் மனசு சொல்லுது. ஊருக்கு வந்ததும் நேரா மணவாளநல்லூரு போனன், கொளஞ்சியப்பரு கோயிலுக்கு. நீ திட்டக்குடிப் பக்கத்துப் பொண்ணுதான, பிராது கட்டுறது தெரியுமில்ல? சாமிக்கு மனு. ‘இன்னாரு எனக்கு இந்தத் தப்பு பண்ணிட்டாரு, நீயே வெசாரி’ன்னு எழுதிக் குடுத்தா, சாமி முன்னாடி வெச்சி எடுத்து, அங்கயே இருக்குற முனியப்பரு வேல்ல கட்டிடுவாங்க. தொண்ணூறு நாள்ல தீர்ப்பு. எழுதுறப்ப அங்க இருந்தவரு கேட்டாரு, “எதிரி ஊரு?” வேப்பூரு. “சம்பவம் நடந்த எடம்?” பட்டாயா. “அது எந்தத் தாலுக்கா?” தாய்லாந்துன்னேன். பேனாவக் காதுல சொருவிக்கிட்டு ரோசன பண்ணுறாரு, “சாமி இது வரைக்கும் திருச்சி, சேலம் வரைக்கும் போயிருக்குது”ன்னு. போவட்டும், கம்பெனி செலவுல மத்தவங்கல்லாம் போயிட்டு வந்தாங்க, சாமி போயிட்டு வரக் கூடாதா?

வர்ற வெள்ளிக்கெழமயோட தொண்ணூறு நாளு முடியிது.

அம்பதாவது நாளு ஒங்க மாமனாரு கடையில ஏணியிலேர்ந்து வுழுந்து கால ஒடிச்சிக்கிட்டாருன்னு சேதி வந்துச்சி. நான் என்னா பண்ணுனன் தெரியுமா? ஒனக்கு என்னா மறைக்கறது… பக்கத்து வூட்டுக்கெல்லாம் கேசரி கிண்டிக் குடுத்தன். ‘சாமி கண்ணத் தொறந்துடுச்சி’ன்னேன். மாவுக் கட்டோடதான் அவுரு ஒங் கல்யாணத்துல நாக்காலியில ஒக்காந்திருந்தாராமே. “என்னா பாவம் பண்ணுனனோ”ன்னு வர்றவங்க கிட்டல்லாம் கேட்டாராமே.

பேசு புள்ள. ஏன் தரையவே பாத்துக்கிட்டிருக்க? சரி, பேசாத. நீ பேசுனா நான் சொல்ல வந்தது நின்னு போயிடும்.

போன திங்கக்கெழம. இதே எடத்துல ஒக்காந்து புள்ளையாருக்கு வர்ணம் பூசுறன். இந்தா, இதத் திருப்பிப் பாரு, அடியில ஓட்ட இருக்குதா? அச்சுல ஊத்துன களி மிச்சம் வடியறதுக்கு வுடற ஓட்ட. பொம்ம உள்ளார காலி. அந்த ஓட்டையில வெரல வுட்டுத்தான் புடிச்சிக்கிட்டுப் பூசுவோம். பொம்ம வேலக்கி வர்ற பொம்பளைங்க இருக்காளுங்களே, கம்மலு, மோதிரம், வெத்தலக் காம்பு, எல்லாத்தயும் அவளவ பொம்ம வவுத்துலதான் திணிச்சி, துணி அடச்சி வெப்பாளுங்க. பீரோ நமக்கெதுக்கு? திருடன் பொம்மய உருட்டிப் பாக்க மாட்டான்.

திங்கக்கெழம வெரல உள்ள வுட்டனா… வெரலுக்கு என்னமோ தட்டுன மாதிரி இருந்துச்சி. தட்டல. காலி. ஆனா வெரலுக்கு நெனப்பு வந்துடுச்சி!

தீவுலேர்ந்து வந்த ராத்திரி அந்த லாக்கரு தொறக்கல வெண்பா. நான் நம்பர மறந்துட்டன், மாத்திர மயக்கம். ஓட்டல்காரன் வந்தான், ஒரு சாவியப் போட்டான், டக்குனு தொறந்துட்டான். நீயே இப்பிடித் தொறப்பன்னா இது என்னாடா லாக்கருன்னு எனக்கு பயம் வந்துடுச்சி. நம்மூரு பொம்ம ஆறு யான கொண்டு போயிருந்தன், யாருக்காச்சும் குடுக்கலாம்னு. அதுல ஒரு யான வவுத்துல செயினத் திணிச்சி, கைக்குட்டையக் கிழிச்சி அடச்சி, அப்பாடான்னு படுத்தன். விடிஞ்சதும்… பஸ்ஸு ஆரன் அடிக்கிறான். ரூமு கூட்டுற பொண்ணு வாசல்ல நிக்கிது, சின்னப் பொண்ணு, கன்னத்துல மச்சம். அஞ்சி நாளா எஞ் சோத்துப் பருக்கையெல்லாம் பொறுக்குன பொண்ணு. வெறுங்கையோடவா போறதுன்னு ஒரு யானையத் தூக்கிக் கையில குடுத்தன். அது யானைய நெத்தியில வெச்சிக் கும்புட்டுச்சி. எங் கண்ணு கலங்கிப் போச்சி. எம்மாம் நல்ல சனம்னு பஸ்ஸுல வேற எல்லார்கிட்டயும் சொன்னன்.

மிச்சம் அஞ்சி யானையும் பொட்டியில திரும்பி வந்துச்சி. திங்கக்கெழம பரணுலேர்ந்து எறக்கி அஞ்சையும் ஒடச்சிப் பாத்துட்டன். ஒன்னுலயும் இல்ல.

எட்டு பவுன டிப்ஸு குடுத்துட்டு வந்தவ ஒலகத்துலயே நான் ஒருத்திதான்.

சிரி, சிரி. வாயப் பொத்திக்காத. எங்க அவுருக்கு இன்னும் தெரியாது. அவுரு இன்னும் ஒங்க மாமனாரு கடப் பக்கம் போனா ரோட்ட மாத்திப் போறாரு. முன்னல்லாம் சாயங்காலத்துல ரெண்டு பேரும் போன் பேசிச் சிரிக்கிற சிரிப்பு இந்த ரூமு வரைக்கும் கேக்கும். இப்ப ஆறு மணியானா போன எடுப்பாரு, பாப்பாரு, வெச்சிடுவாரு. அத வேற நான் பாக்கணும்.

அதான் நேத்து ஒன்ன வாசல்ல பாத்துட்டு, “பட்டாயா போறியாமே, வா, எல்லாம் சொல்றன்”னு நானே கூப்புட்டன். பயந்துடாத, செயினத் தேடிக்கிட்டு வான்னு சொல்லல. கல்யாணம் ஆயி மொதத் தபா போறீங்க. சந்தோசமாச் சுத்துங்க… பீச்சு ரோட்டுலதான் அந்த ஓட்டலு, அவுங்க காசுல பத்து பாட் குடுத்தா பொது வண்டியில ஏறிக்கலாம், எறங்குற எடத்துல கூரையில இருக்குற மணிய அமுத்து. எழுநூத்திப் பதினாலாம் நம்பரு ரூமு. மச்சம் இருக்குற பொண்ணு. அந்தப் பக்கமாப் போனா… போனா மட்டும். சரி வுடு! போயிப் பாத்தா என்னா, பாக்காட்டி என்னா. அந்தப் பொண்ணு கண்டெடுத்து நல்லாருக்கட்டும்.

எனக்கு இப்ப முக்கியம் வெள்ளிக்கெழம. பொய்ப் பிராது கட்டுனா கட்டுனவளுக்கே திரும்பும்பாங்க. அது கூடப் பரவால்ல, எனக்கு வரட்டும். அந்த மனுசன் மேல சாமி இன்னும் வெசாரண பண்ணிக்கிட்டு இருக்குதே! இன்னொரு காலும் இருக்குதே அவுருக்கு! நாளைக்கே போயி ராஜினாமா குடுத்துடலாம், பிராத வாபஸ் வாங்கிக்கறன்னு. எழுதத்தான் கை வரல. மூணு காகிதத்தக் கிழிச்சிட்டன். நீ படிச்ச பொண்ணு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். இந்தா பேனா. எழுது.

‘கொளஞ்சியப்பர் துணை. அய்யா, நான் கட்டிய பிராதில்…’ ம்ம். ‘காணாமல் போன பொருள் கிடைத்துவிட்டபடியால்…’

ஏன் நிறுத்திட்ட? எழுது, கிடைத்துவிட்டபடியால். கெடைக்கலதான். சாமிக்கு அதெல்லாம் தெரியவா போவுது, அதுதான் பட்டாயா வரைக்கும் போவவே இல்லியே…

ஏம்மா பேனாவ மூடிட்ட?

கோவிச்சிக்கிட்டியா? சரி, அந்த வரிய அடிச்சிடு. ‘கிடைக்கவில்லை, ஆனால் யாரால் போனது என்று தெரிந்துவிட்டது’ன்னு எழுது. எம் பேரையே எழுது. ஆண்டாள், கணவர் பேரு தமிழ்ச்செல்வன். போதுமா? அப்புறம் என்னா… போன எதுக்கு எடுக்குற? யாருக்கு அடிக்கிற? பொண்ணே, வேணாம். சொன்னாக் கேளு. சாமிகிட்டச் சொல்றன்னுதான சொன்னன், ஒங்க மாமாகிட்டயேவா சொல்ல முடியும்? நாளைக்கி நேர்ல போறன், பழம் வாங்கிக்கிட்டு. மொதல்ல எங்க அவுருகிட்டச் சொல்லிட்டு… மணி அடிக்கிது. கட் பண்ணு வெண்பா. ஒங்கிட்ட நான் என்னென்னமோ பேசுனன், ஒரு வார்த்த பேசாம ஒக்காந்திருந்துட்டு இப்ப என்னா காரியம் பண்ற நீ…

எடுத்துட்டாரா?

குடு. இல்ல, இரு. குடு.

அலோ…

அண்ணே…

நான் ஆண்டாளு.

…

வெச்சிடாதீங்கண்ணே.

…

சாப்ட்டீங்களா?